சுவரில் மாட்டிய காகிதம்

பரீட்சை என்ற வார்த்தை காதில் விழுந்தால் இந்த வயதிலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, மூன்றாவது வருஷத்தின் வாசற்படியிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியவன் நான். பிற்பாடு கதை எழுதிப் பிழைக்க வந்தேன் என்றால், அதற்கு முக்கியமான காரணம், கதை எழுதுகிறவனுக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை என்பதுதான்.

ஆகையால், அமெரிக்காவில் இருக்கும் என் அக்காள் மகன் ஒரு நாள் போனில் கூப்பிட்டு, "மாமா, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னபோது எனக்கு அவன்மேல் இரக்கம்தான் உண்டாயிற்று. அவனுக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தையும் இருக்கிறது. மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் ஒன்றில், ஒரு சிறிய வானொலி நிலையத்தில் அவனுக்கு உத்தியோகம். பாடுகிற வேலையோ பேசுகிற வேலையோ அல்ல. பாட்டையும் பேச்சையும் ஆகாயத்தில் ஏற்றிவிடுகிற யந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"ஏண்டா, உத்தியோகத்தில் இருக்கிறவனுக்கு எதற்குப் பரீட்சை? எழுதாவிட்டால் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்களா?" என்று கேட்டேன்.

"நீக்கமாட்டார்கள்."

"சட்டம் கேட்கிறதா?"

"சட்டமும் கேட்கவில்லை."

"பின்னே, ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வானேன்?"

அவன் சிரித்தான். "ஒரு காலத்தில் சட்டம் கேட்டது, மாமா. அப்போது ஆயிரக்கணக்கான பேர் நெட்டுருப் போட்டு எழுதினார்கள். இப்போது சட்டம் கேட்கவில்லை. அதனால்தான் படித்து எழுதவேண்டும் என்று எங்கள் பெரியவர் சொல்கிறார்" என்றான்.

பெரியவர் என்று அவன் சொன்னது அந்த நிலையத்தின் பழைய எஞ்சினீயரை. எழுபது வயதைத் தாண்டியவர். அவர் சொன்னதாக அவன் சொன்ன வாக்கியம் எனக்குப் புதிர் போல இருந்தது. புதிரை அவிழ்ப்பதற்காகச் சில புத்தகங்களைப் புரட்டினேன். புரட்டப் புரட்ட, இந்தப் பரீட்சையின் வரலாறு பள்ளிக்கூடத்திலோ கல்லூரியிலோ தொடங்கவில்லை, நடுக்கடலில் தொடங்குகிறது என்று தெரிந்தது.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், கம்பியில்லாத் தந்தி கப்பல்களில் ஏறியது. அதைக் கையாள ஆள் வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆள்? 1906-இல் பெர்லின் நகரத்தில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். தந்தி யந்திரத்தின்முன் உட்காருகிறவன் தன் சர்க்காரிடம் சான்றிதழ் வாங்கியிருக்கவேண்டும். யந்திரத்தைச் சரிப்படுத்தத் தெரிந்திருக்கவேண்டும். நிமிஷத்துக்கு 20 வார்த்தை வேகத்தில் அனுப்பவும் காதால் கேட்டு எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். பிறர் செய்தியின் ரகசியத்தைக் காக்கவேண்டும். நம் பரீட்சைக்கு முப்பாட்டன் இதுதான்.

அமெரிக்கா அதில் கையெழுத்திட்டதே தவிர, ஊர்ஜிதம் செய்வதற்கு 1912 வரை எடுத்துக்கொண்டது. நடுவில் 1909 ஜனவரியில் 'ரிபப்ளிக்' என்ற கப்பல் மூடுபனியில் வேறொரு கப்பலோடு மோதியது. அதிலிருந்த தந்திக்காரர் ஜாக் பின்ஸ், இடிந்துபோன அறையில் குளிரில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காகச் செய்தி அனுப்பினார். உதவிக் கப்பல்கள் வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள். இதைக் கண்ட அமெரிக்கப் பார்லிமெண்டு 1910-இல் ஒரு சட்டம் செய்தது. 50 பேரோ அதற்கு மேலோ ஏறிச் செல்லும் கப்பல்களில் 100 மைலுக்குச் செய்தி அனுப்பவல்ல யந்திரம் இருக்கவேண்டும். அதைக் கையாளத் திறமை வாய்ந்த ஒருவர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்றது சட்டம்.

ஒருவர்! அந்த ஒருமைதான் பின்னால் எமனாக வந்தது.

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு. 'டைட்டானிக்' கப்பலிலிருந்து ஏறத்தாழ இருபது மைலுக்குள் 'கலிபோர்னியன்' என்ற கப்பல் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அதில் ஒரே ஒரு தந்திக்காரர். சிரில் எவன்ஸ் என்று பெயர், வயது 20. விடியற்காலையிலிருந்து வேலை பார்த்தவர், இரவு சுமார் 11 மணிக்கு, "நாங்கள் பனிக்கட்டிக்கு நடுவில் நிற்கிறோம்" என்று டைட்டானிக்குக்குச் சொன்னார். டைட்டானிக்கின் தந்திக்காரர் ஜாக் பிலிப்ஸ், பிரயாணிகளின் சொந்தச் செய்திகளை அனுப்பும் அவசரத்தில் இருந்தார். "குறுக்கே பேசாதே" என்கிற மாதிரி பதில் வந்தது. எவன்ஸ் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, காதிலிருந்ததைக் கழற்றி வைத்துப் படுத்துவிட்டார். 11.40-க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது.

அப்புறம் அந்தக் கப்பல் கடல் முழுவதற்கும் கேட்கும்படி கதறியது. பக்கத்திலிருந்த கப்பலின் மேல்தட்டில் நின்ற அதிகாரிகள் வாணம் வெடிப்பதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் தூங்குகிற பையனை எழுப்பி என்னவென்று கேட்கச் சொல்ல விடியும்வரை யாருக்கும் தோன்றவில்லை. 58 மைலுக்கு அப்பால் 'கார்பேதியா' கப்பலில் இருந்த ஹரால்ட் காட்டம் என்ற 21 வயதுப் பையனும் படுக்கப் போகிற சமயம்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவன் காதுக்கருவியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. அதனால் எழுநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்தார்கள். ஏறத்தாழ 1,500 பேர் மாண்டுபோனார்கள். செய்தி அனுப்பிக்கொண்டே இருந்த பிலிப்ஸும் அவர்களில் ஒருவர்.

எவன்ஸைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் பயிற்சி பெற்றவர்தான். இரவெல்லாம் விழித்திருக்கவேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை; ஒற்றை ஆள் இரவும் பகலும் விழித்திருக்கவும் முடியாது.

அந்த வருஷமே இரண்டு சட்டங்கள் வந்தன. ஜூலை 23-ஆம் தேதிச் சட்டம், கப்பலில் தந்திக்காரர் இரண்டு பேராவது இருக்கவேண்டும், இரவும் பகலும் ஒருவர் காது கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றது. ஆகஸ்டு 13-ஆம் தேதிச் சட்டம், நிலையத்துக்கும் லைசென்ஸ், அதை இயக்குகிறவனுக்கும் லைசென்ஸ் என்றது. முன்னது விழிப்பைப் பற்றியது. பின்னது அறிவைப் பற்றியது. பரீட்சை வைத்து அறிவைச் சோதிக்கலாம்; விழிப்பைச் சோதிக்க முடியாது, அதற்கு ஆளைத்தான் போடவேண்டும் என்று அந்தச் சட்டங்களைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் மறந்துவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

1920 நவம்பர் 2-ஆம் தேதி, பிட்ஸ்பர்க் நகரத்தில் கே.டி.கே.ஏ. என்ற நிலையம் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. கப்பலில் இருந்த வித்தை கரையேறி, வீட்டுக் கூடத்துக்குள் புகுந்துவிட்டது. சில வருஷங்களில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒன்றன் குரலை ஒன்று அமுக்கிக்கொண்டு சந்தைக்கடைபோல இரைந்தன. 1927-இல் புதிய சட்டமும் ஒரு கமிஷனும் வந்தன. 1934-இல் அதற்கு வாரிசாக வந்ததுதான் எப்.சி.சி. என்று எல்லாரும் சொல்லும் கமிஷன்.

இந்தக் கமிஷன் நடத்திய பரீட்சைகளில் உச்சியில் இருந்தது முதல் வகுப்பு வானொலித் தொலைபேசி லைசென்ஸ். 'ஃபர்ஸ்ட் போன்' என்று தொழிலில் செல்லப் பெயர். நான்கு பகுதி: முதலாவது சட்டம், இரண்டாவது இயக்கும் முறை, மூன்றாவது அடிப்படை மின்னியல், நான்காவது, பலரைக் கவிழ்த்த மேல்படிப்பு. தேறியவனுக்கு ஒரு காகிதம் கொடுப்பார்கள். அவன் வேலை செய்கிற இடத்தில், எவரும் பார்க்கும்படி அதை மாட்டிவைக்கவேண்டும் என்பது விதி. "இந்த யந்திரத்தின்முன் ஒரு விஷயம் தெரிந்த மனிதன் இருக்கிறான்" என்று ஊருக்குச் சொல்லும் காகிதம் அது.

காகிதத்துக்கு மதிப்பு வந்தால் காகிதத்துக்கு வியாபாரமும் வரும் அல்லவா? சின்ன நிலையங்களின் முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். பாட்டுப் போட்டுப் பேசுகிறவனுக்கு ஒரு சம்பளம், யந்திரம் பார்க்கிறவனுக்கு ஒரு சம்பளம் எதற்கு? பேசுகிறவனே லைசென்ஸ் வைத்திருந்தால் ஒரு சம்பளம் மிச்சம்! குரல் நன்றாக இருந்த இளைஞர்கள் லைசென்ஸுக்கு ஓடினார்கள். அவர்களுக்காக ஆறு வாரத்தில் தேறவைக்கும் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. கொடுத்திருக்கும் விடைகளில் சரியானதைக் குறிக்கும் பரீட்சை. ஆகவே கேள்வி எப்படி வரும், விடை எந்த எழுத்து என்று உருப்போட்டால் போதும். அப்படி உருப்போட்டவர்களில் பலர் சுவரில் காகிதத்தை மாட்டிவிட்டு இசைத்தட்டுச் சுழற்றப் போனார்கள். யந்திரத்தின் கதவைத் திறக்கச் சொன்னால் கை நடுங்கியிருக்கும்.

இதை எழுதும்போது எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு. நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் படித்தேன். பௌதிகப் பாடத்தில் ஓம் விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பேன். வீட்டில் பியூஸ் போனால் அம்மா எதிர்வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவாள்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க சர்க்கார் கட்டுப்பாடுகளைத் தளர்த்த ஆரம்பித்தபோது, முதல் வகுப்பு லைசென்ஸுக்கும் முடிவு வந்தது. யந்திரங்கள் முன்போல அடிக்கடி தடுமாறுவதில்லை. தகுதியான ஆளை வைத்துக்கொள்வது நிலையத்துக்காரர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். எத்தனையோ இரவுகள் கண் விழித்துப் படித்து அந்தக் காகிதத்தை வாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! என் மருமான் சொல்லும் பெரியவரும் அவர்களில் ஒருவர். தம்முடைய பழைய லைசென்ஸை இன்றும் அவர் சுவரிலிருந்து இறக்கவில்லையாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1964-இலேயே ஜான் பாட்டிசன் என்ற எஞ்சினீயரின் முயற்சியால் ஒலிபரப்பு எஞ்சினீயர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டிருந்தது. சர்க்கார் லைசென்ஸ் உயிரோடு இருந்தபோதே, 1970-களின் நடுவில், அந்தச் சங்கம் தானே பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. அதை எழுதச் சொல்லிச் சட்டம் எதுவும் கிடையாது. எழுதாதவனுக்கு அபராதமும் கிடையாது. தொழில் செய்கிறவர்கள் தங்கள் தொழிலுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட வேலி. அதன் படிகளில் கீழ்ப்படியாக இருக்கும் தொழில்நுட்பர் சான்றிதழுக்குத்தான் என் மருமான் படித்துக்கொண்டிருந்தான்.

"புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், மாமா" என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்படியானால் எனக்கும் ஒரு மனுப்போடு. நானும் எழுதுகிறேன்!"

"எழுதுங்கள். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும் என்று தெரியவேண்டுமே? தெரியாதவனுக்குப் புத்தகம் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான்."

அப்புறம் வாரத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுத் தான் படித்ததை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுத்தால்தான் தனக்குப் புரிந்ததா என்று தெரியுமாம். என்னைவிட மக்கு மாணவன் அவனுக்குக் கிடைக்கமாட்டான் அல்லவா? டெசிபெல் என்றால் என்ன என்று கேட்டேன். சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபெல், பத்து மடங்கானால் 10 டெசிபெல் ஏறும் என்றான். மத்திய அலை நிலையங்களில் அந்த இரும்புக் கோபுரமே ஆன்டெனாவாம். 1000 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 300 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டுவது வழக்கம். கோபுரம் பூமியைத் தொடாமல் ஒரு பீங்கான் கட்டையின்மேல் நிற்கும். அதில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாது. தரையில் நின்றுகொண்டு அதைத் தொடும் மனிதனுடைய கை வெந்துபோகும்.

இதையெல்லாம் கேட்டபோது எங்கள் ஊர் ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் ஞாபகம் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவர். ஈயப்பற்று வைக்கும் புகைக்கு நடுவே, செத்துப்போன ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் கடைச் சுவரில் முருகன் காலண்டரைத் தவிர வேறு காகிதம் கிடையாது. "அவர் எந்தப் பரீட்சை எழுதினார்? கைத்திறமை பெரிதா, காகிதம் பெரிதா?" என்று மருமானை மடக்கினேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததாம். அந்த நிலையத்தில் ஒரு பழைய வால்வு டிரான்ஸ்மிட்டர் உண்டு. உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். கதவைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அவன் கதவைத் திறந்தான். உள்ளே இருந்த ஒரு தளர்ந்த இணைப்பை முடுக்கக் கையை நீட்டினான். பெரியவர் பின்னாலிருந்து ஒரு கூச்சல் போட்டாராம். அவன் கை அப்படியே நின்றது. அவர் வந்து, பக்கத்தில் தொங்கிய நீளமான கழியை எடுத்தார். நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து பூமிக்குக் கம்பி. அந்தக் கொக்கியை உள்ளே இருந்த கண்டென்சரில் தொட்டார். துப்பாக்கி வெடித்ததுபோல் 'டப்' என்று ஒரு சத்தமும் நீலப் பொறியும்!

மின்சாரம் நின்றது உண்மை. ஆனால் கண்டென்சர் தான் குடித்ததை வைத்துக்கொண்டிருந்தது. அதை மெல்ல வடியவிடுவதற்கென்று வைத்த சிறு மின்தடை எப்போதோ அறுந்துபோயிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

"பெரியவர் அதற்கப்புறம் என்னைத் திட்டவே இல்லை, மாமா. 'முதலில் கொக்கி, பிறகு கை' என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் பாதுகாப்புப் பாடத்தைத் திறந்து பார்த்தேன். அதே வார்த்தை முதல் பக்கத்தில் இருந்தது. அதை நான் முன்பே படித்துமிருந்தேன். உங்கள் ரிப்பேர்க் கடைக்காரர் கெட்டிக்காரர்தான். அவர் ஒரு தப்புச் செய்தால் கை சுரீர் என்கும்; அடுத்த தடவை கற்றுக்கொள்வார். எங்கள் வேலையில் சில பாடங்களுக்கு அடுத்த தடவை கிடையாது. அதனால் முன்னால் போனவர்கள் பட்டதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தேனா, கைக்கு வந்ததா என்று யாராவது கேட்டுப் பார்க்கவேண்டாமா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. அவனுக்கு நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. அக்காளிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவள் இந்தக் கட்டுரையைப் படிக்கமாட்டாள் என்பது ஒரு தைரியம்.

எந்த விதியையும் வெறும் கேள்வி-பதிலாகப் பார்த்தால் உப்புச் சப்பு இல்லாமல்தான் இருக்கும். கோபுரத்து விளக்கைப் பற்றி ஒரு விதி: உயரமான கோபுரங்களின் விளக்கை 24 மணி நேரத்துக்கு ஒரு தரமாவது கவனிக்கவேண்டும்; உச்சி விளக்கு அணைந்து அரை மணியில் சரியாகாவிட்டால் விமானப் போக்குவரத்து அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். பரீட்சையில் இதற்குச் சரியான விடை '30 நிமிஷம்'. உருப்போடுகிறவனுக்கு அது ஒரு எண். இருட்டில் தாழப் பறந்து வருகிற ஒரு விமானியை மனக்கண்ணில் பார்க்கிறவனுக்கு அது வேறு விஷயம். எவன்ஸ் படுத்துக்கொண்டதற்கும் டைட்டானிக் மோதியதற்கும் இடையில் இருந்ததும் நிமிஷக் கணக்குதானே!

பரீட்சை முடிந்து சில வாரம் அவனிடமிருந்து தகவல் இல்லை. தோற்றுவிட்டானோ, கேட்டால் மனம் நோகுமோ என்று நானும் சும்மா இருந்தேன். பரீட்சை விஷயத்தில் எனக்குள்ள அனுபவம் அப்படி.

ஒரு நாள் காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அங்கே அப்போது இரவு.

"மாமா, இன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் பழக்கமாய் அண்ணாந்து பார்த்தேன். கோபுரத்து உச்சி விளக்கு இல்லை. எச்சரிக்கை மணி அடித்திருக்கவேண்டும், அதுவும் அடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நம்மால் இரவில் சரிப்படுத்துகிற காரியமில்லை. விமான அதிகாரிகளுக்குச் சொல்லி, குறிப்புப் புஸ்தகத்தில் நேரம் போட்டு எழுதிவிட்டு இப்போதுதான் வெளியே வருகிறேன்" என்றான். குரலில் களைப்பு, களைப்புக்கு அடியில் ஒரு திருப்தி.

"பெரியவருக்குச் சொன்னாயா?"

"சொன்னேன். 'சரி, போய்த் தூங்கு' என்றார். அவர் அவ்வளவு தாராளமாகப் பாராட்டி நான் கேட்டதில்லை" என்று சிரித்தான். பிறகு, "சொல்ல மறந்துவிட்டேனே, பரீட்சையில் தேறிவிட்டேன். சான்றிதழ் போன வாரமே வந்துவிட்டது" என்றான்.

அந்தச் சான்றிதழுக்கு ஐந்து வருஷம்தான் ஆயுளாம். ஐந்து வருஷம் கழித்து, தொழிலை மறக்கவில்லை, புதிதாகவும் கற்றுக்கொண்டேன் என்று மறுபடியும் நிரூபிக்கவேண்டும். பெரியவருடைய காலாவதியான லைசென்ஸுக்குப் பக்கத்தில் அதை மாட்டியிருக்கிறானாம். மாட்டும்போது ஆணியைப் பெரியவரே அடித்துக் கொடுத்தாராம்.

எனக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன். என் வீட்டுச் சுவரில் இடம் நிறைய இருக்கிறது. மாட்டுவதற்குத்தான் பரீட்சைக் காகிதம் எதுவும் என்னிடம் இல்லை.